வாஷ்பேசினுக்கு அடியில் ஈரம்

திண்டிவனத்தில் என் அண்ணன் வீட்டுக் குளியலறையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முழங்கால் போட்டு, தலையை வாஷ்பேசினுக்கு அடியில் நுழைத்திருந்தேன். கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று முதுகுவரை இறங்கியது.

"தெரியுதா?" என்றார் அண்ணன், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

"தண்ணி தெரியுது. எங்கேருந்து வருதுன்னு தெரியலண்ணா."

"வண்டியில ஆயில் ஒழுகற மாதிரிதான். சொட்டற எடம் வேற, கசியற எடம் வேற. சொட்டற எடத்தப் பாத்துக்கினு இருந்தா ஒண்ணும் கெடைக்காது. மேலேருந்து தேடிக்கினு வா."

அவர் சொன்னது முற்றிலும் சரி. இப்போது நினைத்தால் அதுதான் தாங்க முடியவில்லை.

மேலிருந்து தேடினேன். குழாயின் கழுத்து, அதைப் பேசினோடு பிடித்திருக்கும் நட்டு, சுவரிலிருந்து குழாய்க்கு வரும் ஓஸ், ஓஸின் இரண்டு முனைகள். ஒவ்வொன்றாக விரலால் தொட்டேன். எல்லாம் ஈரம். ஒரு இடம் ஒழுகினாலும் எல்லா இடமும் நனைந்துவிடுகிறது. அடியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எல்லாமே குற்றவாளி.

ஈரத்தின்மேல் நின்ற வீடு

அண்ணன் பெயர் ஏழுமலை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி மல்லிகா போனபிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் பிரபு குடும்பத்தோடு சிங்கப்பூரில். நான் விழுப்புரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். கல்யாணம் செய்துகொள்ளாத கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். மறுபடி வேண்டாம்.

ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் பஸ் ஏறி அண்ணனைப் பார்க்கப் போவேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர்; அந்தப் பருவத்தில் அவித்த மல்லாட்டை ஒரு தூக்கு நிறைய. மற்ற நாட்களில் அவருக்குப் பிடித்த கேப்பை அடை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நிற்கும்போதே கைப்பை பத்திரம், தூக்கு பத்திரம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். என் சுபாவம் அப்படி. பள்ளியில் சோதனைக் குழாய்களை உயர வரிசையில் அடுக்கி வைப்பவள் நான்.

அந்த ஐப்பசியின் முடிவில் அண்ணன் குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் பெரிய கன்றல். பிரபு சிங்கப்பூரிலிருந்து பேசினான்.

"அத்தை, மறைக்காம சொல்லுங்க. பைப்பு ரிப்பேருன்னா சரி பண்ணிக்கலாம். அப்பாதான் தண்ணியக் கொட்டிக்கினு தெரியாம இருக்காருன்னா, அவர அங்க தனியா விட முடியாது. வீட்ட வித்துட்டு நல்ல ஹோமாப் பாத்துச் சேத்துடலாம்."

"ஹோமா? என்னாடா பேசற?"

"பின்ன என்னா பண்ணச் சொல்றீங்க? நான் இங்க வேலைய விட்டுட்டு வரட்டா?"

அண்ணன் அந்த வீட்டுக்கு மணல் சலித்தவர், ஓவர்டைம் பார்த்துக் கட்டியவர். அண்ணி நட்ட முருங்கை பின்பக்கம் நிற்கிறது. "என்ன எங்கயும் அனுப்பிடாத விஜி" என்று, விழுந்த மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என் கையைப் பிடித்து எதையும் கேட்டதில்லை.

ஆகவே எனக்கு அந்தக் குழாயில் ஓர் ஓட்டை வேண்டியிருந்தது. பைப்பில் பழுது இருந்தால் அண்ணன் வீட்டில் இருப்பார். பழுது இல்லையென்றால் இருக்க மாட்டார். ஒரு குழாய் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவ்வளவு ஏங்கியவள் இந்த ஊர்ப்பக்கம் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

அன்வர் பாய்

பிளம்பர் அன்வர் பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். சில காலம் துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திண்டிவனத்தில் குடியேறியவர். முதல் வாரம் குழாயின் உள் வாஷரை மாற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை தரை காய்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு போனால் ஈரம்.

"டீச்சரம்மா, குழாயில ஒண்ணுமில்ல. ஓஸ்தான் போய்ட்ச்சி."

ஓஸை மாற்றினார். அடுத்த வாரமும் ஈரம்.

"ஓஸ்ல ஒண்ணுமில்லம்மா. சுவத்துல ஓஸ் மாட்டற எடத்துல இருக்குது பாருங்க, ஆங்கிள் காக்கு, அதுதான்."

"போன வாரம் ஓஸ்னு சொன்னீங்களே பாய்?"

"சொன்னேன். அது போன வாரம்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணி போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

"நான் டீச்சர் இல்ல பாய். லேப் அசிஸ்டென்ட்."

"அப்ப இன்னும் பேஜாரு. டீச்சர்னா சொன்னா கேட்டுக்குவாங்க. நீங்க டெஸ்ட் பண்ணிப் பாப்பீங்க."

சொட்டு நீலம்

டெஸ்ட்தான் பண்ணினேன். ஆய்வகத்தில் முதலில் கற்றுக்கொண்டது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது. நாங்கள் செய்துகொண்டிருந்தது நேர் எதிர். சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிவிட்டு, எது காரணம் என்று தெரியாமல் நின்றோம்.

வாஷ்பேசினில் தண்ணீருக்கு இரண்டு வழி. குழாய்க்கு ஏறி வரும் வழி ஒன்று, பேசினிலிருந்து இறங்கிப் போகும் வழி ஒன்று. எந்த வழியில் கசிகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய வேட்டியால் அடியில் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டேன். தரையில் புதிய செய்தித்தாள். பேசினை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்தேன். கீழே விழும் சொட்டு வெறும் தண்ணீர் என்றால் வரும் வழியில் பழுது. நீலம் என்றால் போகும் வழியில் பழுது. சொட்டே விழவில்லை என்றால்? அதை யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அடைப்பை எடுத்தேன். நீலத் தண்ணீர் சுழன்று இறங்கியது. நானும் அண்ணனும் குனிந்து, செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நீலப் பொட்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"நீலம்ணா!" என்று கத்திவிட்டேன். "நீலம்! பைப்புதாண்ணா!"

"அதுக்கு ஏன் அழுவற?" என்றார் அண்ணன்.

அங்கேயே உட்கார்ந்து, நீல விரல்களோடு பிரபுவைக் கூப்பிட்டேன். "பைப்புதான்டா. உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அவன் பெருமூச்சு விட்டது கடலுக்கு அப்பாலிருந்து கேட்டது.

அன்வர் பாய் வந்து பாட்டில் டிராப்பைக் கழற்றினார். பேசினுக்கு அடியில் தொங்கும் பிளாஸ்டிக் புட்டி அது. அதன் அடிப்பாகம் ஒரு கோப்பை. அழுக்கு சேர்ந்தால் கையால் திருகிக் கழற்றிக் கொட்டலாம். கோப்பைக்கும் புட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் வாஷர். அதன் சரிவான பக்கம் மேலே இருக்க வேண்டும்.

"பாருங்கம்மா, வாஷரத் தலகீழாப் போட்டு வெச்சிருக்கான். எவனோ வேலை தெரியாத பையன் கை வெச்சிருக்கான்."

"கட்டும்போது போட்டதாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். "அப்பல்லாம் வந்தவனுங்க அப்படி."

பாய் புது டிராப்பே மாட்டிவிட்டார். வாஷரின் சரிவு மேலே இருந்ததை நானும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். அன்று திரும்பும்போது கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பஸ்ஸிலேயே தூங்கிப்போனேன். பல வாரங்களுக்குப் பிறகு வந்த தூக்கம்.

சாக்கின்மேல் வரிசை

அடுத்த ஞாயிறு தரை நனைந்திருந்தது.

நானே கோப்பையைத் திருகினேன். அது மரை ஏறாமல் கோணலாக நின்றிருந்தது. வாஷர் தலைகீழ்.

என் ஆய்வக மூளை அப்போது செய்த கணக்கை எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர் அண்ணன் மட்டும். ஆனால் அண்ணன் கை வாஷரைத் தலைகீழாகப் போடாது.

நான் கல்லூரியில் படித்தபோது அவருக்குச் சாப்பாடு கொடுக்க டிப்போவுக்குப் போவேன். பஸ்ஸுக்கு அடியிலிருந்து கால்கள் மட்டும் தெரியும். பக்கத்தில் ஒரு சாக்கு. அதன்மேல் கழற்றிய வரிசையில் நட்டும் போல்ட்டும் வாஷரும். மாட்டும்போது பார்க்காமலே கையை நீட்டி, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். ஒருமுறை, உடன் வேலை செய்தவர் ஒரு வாஷரைத் திருப்பிப் போட்டுவிட்டார். "அதுக்கு மேல் எது கீழ் எதுன்னு தெரியலன்னா, இட்லிய எந்தப் பக்கமா வாயில வெக்கற?" என்று அண்ணன் கேட்டதும் பட்டறையே சிரித்தது. எனக்கு வரிசை என்பது பள்ளிக்கூடத்தில் வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தச் சாக்கிலிருந்து வந்தது.

ஆகவே அண்ணன் இல்லை என்று முடிவு செய்தேன். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு வாரம் முழுக்க அன்வர் பாயைச் சந்தேகப்பட்டேன்.

மதியம்

அரையாண்டு விடுமுறையில் அண்ணன் வீட்டில் தங்கினேன். முதல் நாள் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தேன். அண்ணன் நாற்காலியில் கண்மூடியிருந்தார். வெளியே ஒரு கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போனார். கண் அயர்ந்திருப்பேன். விழித்தபோது நாற்காலி காலி.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. அண்ணன் தரையில் செய்தித்தாள் விரித்து, பக்கெட்டை வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கோப்பை கழன்று அவர் மடியில் இருந்தது. அதற்குள் விரலை விட்டுக் கசடை மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணா பண்ற?"

நிமிர்ந்தார். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"மல்லிகாவோட மூக்குத்தி உள்ள விழுந்துட்ச்சி விஜி. அழுதுக்கினு இருக்கா. நீ போயி அவகூட இரு. நான் எடுத்துக்கினு வர்றேன்."

அவர் துழாவி முடித்து, கசடைப் பக்கெட்டில் கொட்டி, வாஷரைக் கையில் எடுத்தார். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் மேலே என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் முகம் பரீட்சையில் விடை மறந்த பிள்ளையின் முகம்போல ஆயிற்று. ஏதோ ஒரு பக்கமாக வைத்துத் திருகினார். சொட்டியது.

"சரியாயிடும்" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

மூக்குத்தி

மூக்குத்தி ஒருமுறை உண்மையாகவே விழுந்தது. வீடு கட்டிக் குடிபோன புதிதில், அண்ணி சோப்புப் போட்டு முகம் கழுவும்போது திருகு கழன்று பேசினுக்குள் போய்விட்டது. அண்ணியின் அம்மா போட்ட ஒற்றைக்கல் மூக்குத்தி. அண்ணி அழ, அண்ணன் கோப்பையைத் திருகிக் கசடுக்குள்ளிருந்து எடுத்து, கழுவி நீட்டினார். "மூக்கத் தனியாக் கழட்டி வெச்சிட்டுக் கழுவறதுதானே?" என்றார். அண்ணி அழுகையோடு சிரித்து அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். நான் அந்த வாசலில்தான் நின்றிருந்தேன்.

இரண்டாவது முறையும் அந்த மூக்குத்தியை எடுத்துக்கொடுத்தது அவர்தான். அண்ணி இறந்த அன்று, தூக்குவதற்கு முன் நகைகளை எடுத்தார்கள். வளையல் வந்தது, தோடு வந்தது. மூக்குத்தி வரவில்லை. திருகு இறுகியிருந்தது. பெண்கள் மாறிமாறிப் பார்த்தார்கள். "சதைய இழுக்காதீங்கடி" என்று யாரோ அழுதார்கள். கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து, இரண்டு விரலால் அதைப் பிடித்து, மரை பழுதாகாமல் மெல்ல, மெல்லத் திருகினார். கையில் வந்ததும் அதை மருமகளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அது சிங்கப்பூர் போயிற்று.

அப்புறம் அவர் அழுது நான் பார்க்கவில்லை. நாங்கள் அதைத் தைரியம் என்று சொல்லிக்கொண்டோம்.

பிரபுவுக்குச் சொன்னது

மறுநாள் பிரபுவைக் கூப்பிட்டேன். பைப்பில் பழுது இல்லை என்று சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டேன். அவன் அழுதான்.

"ஹோம் வேணாம்டா. என்கூட இருக்கட்டும்."

"வீட்ட?"

"கொஞ்சம் பொறு."

நரம்பு டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். நினைவு இனி ஏறாது, இறங்கும் வேகத்தை வேண்டுமானால் குறைக்கலாம் என்றார்.

விழுப்புரம் வரும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விக்கிரவாண்டி மேம்பாலம் ஏறும்போது தலையைச் சாய்த்துக் கேட்டார். "கிளட்ச் தேஞ்சிருக்குது. இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது. டிரைவராண்ட சொல்லு." இறங்கும்போது சொன்னேன். "ஆமாங்க, எழுதிக் குடுத்திருக்கோம். அவரு மெக்கானிக்குங்களா?" என்றார் டிரைவர். நான் தலையாட்டினேன்.

என் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை, என் வாஷ்பேசினுக்கு அடியில் ஈரம்.

ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாத பித்தளை டிராப் வாங்கி மாட்டினேன். அவர் கையாலேயே திருகிப் பார்த்து விரலைக் கிழித்துக்கொண்டார். ரத்தத்தைத் துடைத்துவிட்டு, பழைய பிளாஸ்டிக்கையே திரும்ப மாட்டினேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "அண்ணி செத்துப்போய்ட்டாங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஈரத் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "எப்ப? என்னாண்ட யாருமே சொல்லலியே?" என்று அழுதார். மறுநாள் அதே நேரம் கோப்பையைத் திருகினார். நான் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

கிடைத்தது

யோசனை என்னுடையதுதான். தேடுவது கிடைத்துவிட்டால் தேடல் நின்றுவிடும் அல்லவா? பிரபுவிடம் சொன்னேன். அவனுக்கும் அது பிடித்துக்கொண்டது. "நின்னுட்டா, ஒரு ஆளப் போட்டு அப்பாவத் திண்டிவனத்துலயே வெச்சிக்கலாம் அத்தை" என்றான். வீட்டை வாங்கக் கேட்டவர்களை நிறுத்திவைத்தான். லீவில் ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் மூலம் மூக்குத்தியைக் கொடுத்தனுப்பினான்.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கோப்பையைக் கழற்றி, மூக்குத்தியைப் போட்டு, வாஷரைச் சரியாக வைத்து மூடினேன். ஆய்வகத்தில் எத்தனையோ பரிசோதனைக்கு மேசை தயார் செய்திருக்கிறேன். இதை மட்டும் இரண்டு முறை கழற்றிச் சரிபார்த்தேன்.

மதியம் செய்தித்தாள் விரித்தார். பக்கெட் வைத்தார். திருகினார். விரலை விட்டுத் துழாவினார். கை நின்றது.

வெளியே எடுத்து, குழாயைத் திறந்து கழுவி, வெளிச்சத்தில் பிடித்தார். திருகின் மரையை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"அவளுதுதான்" என்றார்.

பிறகு கோப்பையை எடுத்தார். வாஷரை விரலால் ஒரு சுற்றுத் தடவி, சரிவை மேலே வைத்து, மரை கோணாமல் திருகினார். குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. என் அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். வாய்விட்டு ஏதோ சாமி பெயரைச் சொன்னேன்.

அவர் வேட்டி நுனியால் மூக்குத்தியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மல்லிகா! ஏ மல்லிகா! கெடச்சிட்ச்சி, வா!"

சமையலறையில் எட்டிப் பார்த்தார். படுக்கையறைக்குப் போனார். பின்கதவைத் திறந்து துணி காயும் இடத்தைப் பார்த்தார். என் வீட்டில் தேடுவதற்கு வேறு அறைகள் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"எங்க போனா விஜி? அழுதுக்கினே எங்கியாவது போய்ட்டாளா?"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

அன்றிலிருந்து அவர் வாஷ்பேசின் பக்கம் போவதில்லை. மூக்குத்தியைக் கைக்குள் மூடிக்கொண்டு தெருவாசலில் நிற்கிறார். இரண்டு முறை ரயில்வே கேட் வரை போய்விட்டார். இப்போது வெளிக்கதவைப் பூட்டி வைக்கிறேன். உள்ளேயிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிறவர்களைக் கேட்கிறார்.

போன வாரம் பிரபு பேசினான். குரலில் ஆசை இருந்தது.

"தண்ணி நின்னுட்ச்சா அத்தை?"

"நின்னுட்ச்சி."

"சுத்தமா?"

"தரை காஞ்சி கெடக்குதுடா."

"அப்ப அப்பாவத் திண்டிவனத்துக்கு அனுப்பிடலாமா?"

வாசல் கம்பிக்குப் பின்னாலிருந்து அண்ணன் பால்காரரை நிறுத்தி, "கொஞ்சம் ஒசரமா, மாநெறமா இருப்பா, பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பால்காரர் நல்லவர். யோசிப்பதுபோல நின்றார்.

"வீட்ட வித்துடு பிரபு" என்றேன்.